ஒன்றாம் வகுப்பில் ஸ்னோ ஒயிட் படம் போடலாமா?

வகுப்பறைகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு ஆசிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கிறது. "பிள்ளைகளுக்கு ஒரு படம் போடலாம் என்றிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா?" கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கார்ட்டூன் படம். உடனே இரண்டு விதமான பதில் வரும். "கார்ட்டூன்தானே, தாராளமாகப் போடுங்கள்" என்பார் ஒருவர். "அதில் சூனியக்காரி வருகிறாள், வேண்டவே வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே படத்தைப் பற்றிய பதில்கள். படத்தைப் பார்க்கப் போகும் பிள்ளையைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்கூட இல்லை.

உத்தரகோசமங்கைப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். இப்படிப்பட்ட பள்ளிகளில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே படத்தைப் போட்டுவிட மனம் எளிதாகப் போய்விடும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே திரையில் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை. அவரவர் வயதும் வீடும் சேர்ந்துதான் படம் ஆகிறது. எனவே ஒரு படம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்பதை எந்தப் பிள்ளை, எந்த வயதில், யாருடன் உட்கார்ந்து பார்க்கிறது என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஸ்னோ ஒயிட் படத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இந்த ஒரு படத்தில் பழகிய கண், வேறு எந்தப் படத்துக்கும் உதவும்.

படத்தில் இருப்பது என்ன?

வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஓடும் நேரம் 83 நிமிடம். கதை நமக்குத் தெரியும். உலகிலேயே அழகி யார் என்று அரசி மந்திரக் கண்ணாடியிடம் கேட்கிறாள். ஸ்னோ ஒயிட்தான் என்கிறது கண்ணாடி. அவளைக் கொன்று இதயத்தைப் பெட்டியில் கொண்டுவரும்படி வேட்டைக்காரனை அனுப்புகிறாள் அரசி. அவன் மனமிரங்கித் தப்பவிடுகிறான். பெண் காட்டுக்குள் ஓடி ஏழு குள்ளர்களின் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். அரசி கிழவி வேடத்தில் வந்து நஞ்சு ஏற்றிய ஆப்பிளைக் கொடுக்கிறாள். உயிர் போனதுபோல் கிடப்பவளை இளவரசனின் முத்தம் எழுப்புகிறது.

இந்த 83 நிமிடத்தில் பாட்டு, ஆட்டம், சிரிப்பு, வீடு கூட்டும் அணில்கள், சூப்புக்கு முன்னால் கைகழுவ மறுக்கும் குள்ளர்கள் என்று பிள்ளைகள் விரும்பும் பகுதிகளே மிகுதி. பயமுறுத்தும் பகுதிகள் சில நிமிடங்கள்தாம். ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஒரு படம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைவிட, எந்த இடம் மனத்தில் தங்கியது என்பதே முக்கியம்.

ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்காக மாற்றிய கதை

'பழைய கதை, அப்படியே காட்டுவதுதானே முறை' என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கதை எந்தக் காலத்திலும் அப்படியே இருந்ததில்லை.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் பொறாமை கொண்டவள் ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கதையில் ஸ்னோ ஒயிட்டுக்கு ஏழு வயது ஆகும்போதுதான் கண்ணாடி அவள் பெயரைச் சொல்கிறது. அரசி மூன்று முறை வேடமிட்டு வருகிறாள். முதலில் இறுக்கும் நாடா, பிறகு நஞ்சு தடவிய சீப்பு, கடைசியாக ஆப்பிள். முத்தம் என்பதே கிரிம் கதையில் கிடையாது. கண்ணாடிப் பேழையைத் தூக்கிச் செல்பவர்கள் இடறும் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. முடிவில் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியை மாட்டிக்கொண்டு ஆடி ஆடிச் சாகிறாள்.

டிஸ்னி இந்த இரும்புக் காலணியை எடுத்துவிட்டார். மூன்று வேடங்களை ஒன்றாக்கினார். முத்தத்தைச் சேர்த்தார். 1938-இல் படம் பிரிட்டனுக்குப் போனபோது, அங்கிருந்த தணிக்கை வாரியம் அதற்கு 'ஏ' சான்று அளித்தது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது அன்றைக்கு அந்தச் சான்றின் பொருள். பிற்காலத்தில் அதே படம் அங்கே 'யு' சான்றுக்கு மாறிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் தம் முன்னால் இருந்த பிள்ளைகளை நினைத்து எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும் அந்த உரிமை உண்டு. அது கடமையும்கூட.

சான்றிதழ் எதுவரை உதவும்?

நம் நாட்டில் திரைப்படச் சட்டம் 1952-இன்படி படங்களுக்குச் சான்று தரப்படுகிறது. 2023-இல் வந்த திருத்தத்தில் 'யுஏ' சான்று 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பெற்றோருக்கு வழிகாட்டும் நல்ல ஏற்பாடு இது. ஆசிரியரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் 'யு' என்பதற்கு 'யாரும் பார்க்கத் தடையில்லை' என்பதுதான் பொருள். 'ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நல்லது' என்று அது சொல்வதில்லை. சான்று தருபவர்கள் படத்தைப் பார்த்தவர்கள். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை அவர்கள் பார்த்ததில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் என்ன வீடு இருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

எந்த வயதில் எது பயம்?

பி.எட். படிப்பில் பியாஜேயைப் படித்திருக்கிறோம். இரண்டு முதல் ஏழு வயது வரை பிள்ளைகள் கண்ணால் கண்டதையே உண்மையாக எடுத்துக்கொள்வார்கள். உருவம் மாறினால் பொருளே மாறிவிட்டது என்று நினைக்கும் வயது அது. உயரமான குவளைக்கு மாற்றிய தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும் அதே பிள்ளைதான், முகம் மாறிய அரசியைப் பார்த்து அலறுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர், குழந்தைகளைப் படங்கள் எப்படிப் பயமுறுத்துகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஓர் ஆய்வில், மனிதன் பச்சைநிற அசுரனாக மாறும் 'ஹல்க்' தொடரின் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பள்ளிக்கு வராத வயதுக் குழந்தைகளை மிகவும் பயமுறுத்தியது அந்த உருமாற்றம்தான். அசுரன் நல்லவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கோ, யாருக்கு என்ன ஆபத்து வரப்போகிறது என்பதே பயம். இன்னோர் ஆய்வில் ஒரே கதையில் வரும் ஒரு மூதாட்டியை அன்பான பாட்டி போலவும் கோரமான கிழவி போலவும், நல்லது செய்பவளாகவும் கெட்டது செய்பவளாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். சின்னக் குழந்தைகள் தோற்றத்தை வைத்தே நல்லவளா கெட்டவளா என்று தீர்மானித்தார்கள். வயது ஏற ஏற, செயலை வைத்துத் தீர்மானிப்பது கூடியது.

இதை வைத்துக்கொண்டு ஸ்னோ ஒயிட்டில் உள்ள மூன்று பயக் காட்சிகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, காட்டுக்குள் ஓடும் காட்சி. மரங்கள் கை நீட்டுகின்றன, மரக்கட்டைகள் முதலையாகின்றன, இருட்டில் கண்கள் மின்னுகின்றன. பெண் விழுந்து அழுகிறாள். சற்று நேரத்தில் வெளிச்சம் வருகிறது. அந்தக் கண்கள் எல்லாம் முயலும் மானும் பறவையும் என்று தெரிகிறது. பயம் வந்து, அதற்கு விடையும் உடனே கிடைத்துவிடுகிறது. 'பயந்தால் சிறிய பொருளும் பெரிதாகத் தெரியும்' என்பதைப் பிள்ளைக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுக்கும் காட்சி இது. பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளை தாங்கும்.

இரண்டாவது, அரசி மருந்து குடித்துக் கிழவியாக மாறும் காட்சி. கை சுருங்குகிறது, குரல் உடைகிறது, முகம் வேறாகிறது. இந்தப் பயத்துக்குப் படம் விடை தருவதில்லை. மாறியவள் கடைசிவரை மீண்டும் அரசியாக ஆவதே இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இதுதான் மிகக் கடினமான இடம்.

மூன்றாவது, மலை உச்சியில் கிழவி விழும் காட்சி. இடி, மழை, இருட்டு. அவள் விழுவதை நேராகக் காட்டாமல், காத்திருந்த இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் கீழே இறங்குவதை மட்டும் காட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாமல் போகலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும், புரிவதால்தான் பயம் வரும். ஒரே காட்சி இரண்டு வயதில் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

வயது ஒரு பக்கம். ஊரும் வீடும் இன்னொரு பக்கம்.

எங்கள் பிள்ளைகளில் பலர் சீமைக்கருவேலங்காட்டு ஓரமாக, கண்மாய்க் கரை வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள். கை நீட்டிப் பிடிக்கும் மரத்தைக் கடைசிப் பாடவேளையில் திரையில் பார்த்துவிட்டு, மாலை மங்கும் நேரத்தில் அந்த வழியில் நடக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பயக் காட்சி உள்ள எந்தப் படத்தையும் முற்பகலில் போட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

படத்தில் நஞ்சு கொண்டுவருபவள் கூடை சுமந்து வரும் வயதான பெண். நம் ஊரில் கூடை சுமந்து வருபவர் யார்? பனங்கிழங்கும் நுங்கும் மீனும் விற்கும் அப்பத்தாக்கள். வெயிலில் நடந்து உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் அப்படிப்பட்ட அப்பத்தாவின் உழைப்பில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். தோற்றத்தை வைத்தே ஆளை எடைபோடும் வயதில், கூன் விழுந்த முதுகும் பல் போன வாயும்தான் கெடுதலின் அடையாளம் என்று பதிந்துவிடக் கூடாது. அதே சமயம், முன்பின் தெரியாதவர் தருவதை வாங்கித் தின்னக் கூடாது என்ற பாடமும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். கதாநாயகியின் பெயரே பனி வெள்ளை. வெள்ளையாக இருப்பதுதான் அழகு என்பதைப் படம் வாதமாகச் சொல்வதில்லை, அது தெரிந்த விஷயம் போல எடுத்துக்கொள்கிறது. கருப்பாக இருப்பதற்காக வீட்டிலும் தெருவிலும் கேலிப் பெயர் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகள் நம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. உத்தரகோசமங்கைப் பிள்ளைகளிடம் இதைப் பேச எனக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் இவ்வூர் நடராசர், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிக் காப்புக் களையப்படும்போது மரகதப் பச்சை மேனியோடு காட்சி தருகிறார். அதைக் காண எங்கெங்கிருந்தோ கூட்டம் வருகிறது. "அழகு வெள்ளையில்தான் இருக்கிறது என்றால் இத்தனை பேர் இங்கே ஏன் வருகிறார்கள்?" என்று கேட்டால் பிள்ளைகளே பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வோர் ஊரிலும் இதைப் போல ஏதாவது ஒன்று இருக்கும். ஆசிரியர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

குள்ளர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் குறிப்பிடப்பட்டுள்ள 21 வகைகளில் உயரம் குன்றிய நிலையும் ஒன்று. படத்தில் அவர்கள் உழைப்பாளிகள், அன்பானவர்கள். ஆனால் சிரிப்பூட்டுவதற்காகவே அவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் டோபி, பேசாதவர். மற்றவர்கள் அவரை விவரம் இல்லாதவராக நடத்துகிறார்கள். வகுப்பில் பேச்சு தாமதமாக வந்த பிள்ளை ஒன்று இருந்தால், படம் முடிந்த மறுநாள் அதற்கு 'டோபி' என்று பட்டப்பெயர் விழும். முன்கூட்டியே நினைத்துப் பார்த்தால் தடுக்கலாம்.

கடைசியாக, முத்தம். தூங்குகிறவளை, அவள் அறியாமல் ஒருவர் தொடுவது படத்தில் மகிழ்ச்சியான முடிவு. பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்து, 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே இந்தக் காட்சியைக் காட்டுகிறோம் என்றால் அதைப் பற்றி ஒரு சொல்லாவது பேசியாக வேண்டும். ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் இதை நன்றாகவே பேசுவார்கள். சின்ன வகுப்புக்குக் கதையைச் சொல்லும்போது கிரிம் முடிவையே எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் துண்டு தொண்டையிலிருந்து விழுகிறது, பெண் எழுந்து உட்காருகிறாள். பிள்ளைகளுக்கு அது முத்தத்தைவிடப் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

சொல்வதும் காட்டுவதும்

'நம் கதைகளில் மட்டும் கொடுமை இல்லையா?' என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு. பசி தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையைத் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் ராட்சசன் கதை கேட்காத பிள்ளை யார்? கெட்டவர், இழப்பு, பயம் இல்லாத கதை பிள்ளைகளுக்கு உப்பில்லாத சோறு. தேவதைக் கதைகளில் உள்ள இருட்டு, குழந்தை தன் சொந்தப் பயங்களைக் கையாளப் பழகும் இடம் என்று புரூனோ பெத்தல்ஹைம் 1976-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். கதைக்குப் படம் போடுவதுகூடக் குழந்தையின் கற்பனையைத் திசைதிருப்பிவிடும் என்பது அவர் கருத்து.

இங்கேதான் வேறுபாடு இருக்கிறது. அப்பத்தா கதை சொல்லும்போது ராட்சசனின் அளவைத் தீர்மானிப்பது பிள்ளை. தன்னால் தாங்க முடிந்த அளவுக்கே அது ராட்சசனை வளர்க்கும். பிள்ளையின் முகம் சுருங்கினால் அப்பத்தா குரலைத் தாழ்த்துவார், மடியில் இழுத்துக்கொள்வார், ராட்சசனுக்குத் தும்மல் வரவைப்பார். திரை அப்படிச் செய்யாது. அது ஒரே அளவில், ஒரே சத்தத்தில் எல்லோருக்கும் ஓடும். முகத்தைப் பார்த்து மாறிக்கொள்ளும் வேலையைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்தான் செய்ய வேண்டும். படத்தைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பதிவேடு எழுதப் போய்விட்டால் அந்த இடம் காலியாகிவிடும்.

எங்கள் பள்ளியில் எடுத்த முடிவு

2022-23 கல்வியாண்டில் நம் துறை அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியபோது, அது 6 முதல் 9 வரை உள்ள வகுப்புகளுக்கு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. சாப்ளினின் 'தி கிட்', பிரெஞ்சுப் படமான 'தி ரெட் பலூன்' ஆகியவை அதில் திரையிடப்பட்டன. படம் முடிந்ததும் மாணவர் பேசவும் எழுதவும் இடம் கொடுத்ததுதான் அந்த முயற்சியின் உயிர். அதைப் பார்த்த கீழ் வகுப்புப் பிள்ளைகள் 'எங்களுக்கு எப்போது?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போது ஸ்னோ ஒயிட் பெயர் அடிபட்டது.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். பிறகு விவாதம். 'வீட்டில் செல்போனில் இதைவிட மோசமானதைப் பார்க்கிறார்கள் சார்' என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் வீட்டில் பார்ப்பதற்குப் பள்ளியின் ஒப்புதல் முத்திரை கிடையாது. ஆசிரியர் போட்ட படம் என்றால் அதில் வருவது சரி என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை இன்னொன்றைச் சொன்னார். அவர் வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்குத் தாய் இல்லை. தலைவாரிப் பூ வைத்துப் பள்ளிக்கு அனுப்புவது அவளுடைய சின்னம்மா. அந்த வீடு இப்போதுதான் ஒட்டி வருகிறது. அங்கே போய் 'மாற்றாந்தாய் என்றால் நஞ்சு கொடுப்பவள்' என்று ஒரு படம் சொன்னால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் பிறகு விவாதத்தின் போக்கே மாறிவிட்டது.

முடிவு இப்படி அமைந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குப் படம் வேண்டாம். கதை மட்டும், தாளில் செய்த பொம்மைகளோடு. மூன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குக் கதையை முதல் நாளே சொல்லிவிட்டு, மறுநாள் முற்பகலில் படம். உருமாறும் காட்சியும், பாதாள அறையில் எலும்புக்கூடு கிடக்கும் காட்சியும் வேண்டாம். அந்த இடத்தில் நிறுத்தி ஆசிரியர் வாயால் சொல்லிக் கடந்துவிடுவார். கதை சொல்லும்போது 'அரசி' என்ற சொல் மட்டும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு முழுப் படம், அதன்பின் ஒரு பாடவேளை உரையாடல்.

படம் முடிந்தபின் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், "மாத்தாந்தாய்னா அப்படித்தான் டீச்சர்" என்றான். நாங்கள் சொல்லாத சொல் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "எங்க சின்னம்மா அப்படி இல்ல" என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். ஆசிரியை அந்த இடத்தில் நின்றார். "அந்த அரசியைக் கெட்டவளாக்கியது எது?" என்று வகுப்பைக் கேட்டார். 'பொறாமை' என்றன பல குரல்கள். "பொறாமை யாருக்கெல்லாம் வரும்?" என்றதும் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தம்பிக்குப் புதுச்சட்டை எடுத்தபோது வந்தது, தோழி முதல் மதிப்பெண் வாங்கியபோது வந்தது என்று நீண்டது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "சார், அந்தக் கண்ணாடியை உடைச்சிருந்தா கதையே இல்லையே? எதுக்கு அதுகிட்டப் போய்த் தினம் தினம் கேக்கணும்?" செல்போனில் தம் முகத்தைப் படமெடுத்துப் போட்டுவிட்டு எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணும் வயது அது. மீதிப் பாடவேளை முழுவதும் அந்தக் கண்ணாடியைப் பற்றியே பேசினோம்.

படம் போடும் முன் கேட்க வேண்டியவை

எந்தப் படமானாலும் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்த்துவிட்டுப் போடலாம்.

1. முழுப் படத்தையும் நான் பார்த்துவிட்டேனா? முன்னோட்டமும் சுருக்கமும் போதாது.

2. பயமோ துயரமோ உள்ள காட்சிகள் எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன? அந்தப் பயத்துக்குப் படமே விடை தருகிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா?

3. படத்தில் கெட்டவராக வருபவரின் தோற்றம், நிறம், வயது, உறவு என்ன? என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்?

4. சமீபத்தில் இழப்பைச் சந்தித்த பிள்ளை, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை என் வகுப்பில் யார் யார்?

5. எந்த இடத்தில் நிறுத்துவேன்? நிறுத்திவிட்டு என்ன சொல்வேன்?

6. படம் முடிந்தபின் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேனா? நேரம் இல்லையென்றால் அன்று படம் வேண்டாம்.

திரையிடும்போது சில சின்ன ஏற்பாடுகள் பெரிய அளவில் உதவும். அறையை முழு இருட்டாக்க வேண்டாம், ஒரு சன்னல் திறந்திருக்கட்டும். ஒலியைக் குறைத்து வைக்கவும். பின்னணி இசையின் சத்தம் குறைந்தாலே பாதிப் பயம் குறைந்துவிடும். 'பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதையையும் முடிவையும் முதலிலேயே சொல்லிவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவை குறையாது, தைரியம் கூடும். ஆங்கிலத்தில் ஓடும் படமானால், முன்கூட்டிக் கதை சொல்வது மொழிக்கும் துணையாகும். 83 நிமிடம் சின்னப் பிள்ளைகளுக்கு நீளம், இரண்டு பகுதியாகப் பிரித்துக் காட்டலாம். முதன்முறையாகப் படம் போடுகிறவர்கள் 'தி ரெட் பலூன்' போன்ற குறும்படத்தில் தொடங்கலாம். வசனம் மிகக் குறைவு, ஏறக்குறைய 35 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் பலூனைக் கல்லால் அடிக்கும் காட்சியில் சில பிள்ளைகள் அழுவார்கள். அதற்கும் மேலே உள்ள கேள்விகளே பொருந்தும்.

படம் பார்த்த மறுநாள் வகுப்பாசிரியர் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக ஒட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை, கழிப்பறைக்குத் தனியாகப் போகத் தயங்கும் பிள்ளை, படம் வரையும்போது ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் கருப்பாகக் கிறுக்கும் பிள்ளை இருந்தால் உட்கார வைத்துப் பேச வேண்டும். 'அது பொம்மைப் படம்தானே, பயப்படலாமா?' என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், பயம் உள்ளேயே இருக்கும். அந்தக் கிழவியை வரையச் சொல்லி, அவளுக்கு மீசை வைக்கச் சொல்லிப் பாருங்கள். தன் கையால் வரைந்த உருவம் பிள்ளையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்ற பள்ளியைச் சார்ந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி திரைப்படம் காட்ட இடமளிக்கிறது. ஊர்த்திருவிழாவில் எல்லோருக்கும் போடுவது வேறு. பள்ளிக்குள் போடும்போதும் முறையான பிரதியையே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு யோசித்துத்தான் ஒரு கார்ட்டூன் போட வேண்டுமா என்று தோன்றலாம். ஒரு பாடத்தை நடத்தும் முன் பாடக்குறிப்பு எழுதுகிறோம். படமும் பாடம்தான், அதற்கும் ஒரு பக்கக் குறிப்பு போதும். எங்கள் பள்ளியில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. படத்தின் பெயர், எந்த வகுப்பு, நிறுத்த வேண்டிய நிமிடங்கள், பேச வேண்டிய கேள்விகள், பிள்ளைகள் சொன்னவை என்று ஐந்து கட்டங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியர் அதைப் பார்த்துத் தொடங்கலாம். ஆனால் அவர் வகுப்பில் இருப்பவர்கள் வேறு பிள்ளைகள். ஆகவே முடிவை அவர்தான் புதிதாக எடுக்க வேண்டும்.